அரம் பிடித்த கை

பொறியியல் கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில் என் கையில் ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்தார்கள். 50 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம். வெட்டிய விளிம்புகள் பல்லும் பிசிறுமாக இருந்தன. அடுத்தடுத்த இரண்டு விளிம்புகளை அரத்தால் ராவிச் சமமாக்கி, அவை சந்திக்கும் மூலையைச் சரியான செங்கோணமாக்க வேண்டும். அதற்கு மூன்று மணி நேரம்.

ஒரு மணி நேரத்திலேயே முடித்துவிட்டதாக நினைத்துப் பயிற்றுநரிடம் நீட்டினேன். அவர் விளிம்பின்மேல் மூலைமட்டத்தைப் பொருத்தி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நடுவில் இரும்பும் மட்டமும் ஒட்டியிருந்தன. இரண்டு ஓரங்களிலும் வெளிச்சம் கசிந்தது.

“நடுவுல மேடு இருக்கு தம்பி. உன் கையில அரம் தொட்டில் மாதிரி ஆடுது” என்றார்.

ஏன் ஆடுகிறது? வைஸில் பிடித்த இரும்புத் துண்டுதான் தாங்குபுள்ளி. அதன்மேல் கிடக்கும் அரம் ஒரு நெம்புகோல். தள்ளத் தொடங்கும்போது அரத்தின் நுனி துண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, பிடி தூரத்தில் இருக்கிறது. ஆகவே நுனியைப் பிடித்த இடக்கை அழுத்தமாகவும், பிடியில் இருக்கும் வலக்கை லேசாகவும் இருக்க வேண்டும். தள்ளி முடிக்கும்போது நிலைமை தலைகீழாகிவிடும். ஒவ்வொரு தள்ளலிலும் இரு கைகளின் அழுத்தமும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாறினால்தான் அரம் மட்டமாகப் போகும். நான் இரண்டு கைகளாலும் ஒரே அளவில் அழுத்திக்கொண்டிருந்தேன். அரம் முன்னும் பின்னும் சாய்ந்து ஓரங்களைத் தின்றது. நடுவில் மேடு நின்றது.

திருப்புத்திறன் கணக்குகளைப் பள்ளியிலேயே பிழையில்லாமல் போட்டவன் நான். ஆனால் என் கைக்குக் கீழே ஒரு திருப்புத்திறன் கணக்கு நிமிடத்துக்கு ஐம்பது முறை நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. ஓரத்தில் கசிந்த வெளிச்சம்தான் என்னை அந்தக் கணக்குக்குத் திருப்பி அனுப்பியது. இந்த அத்தியாயம் சொல்ல வருவதும் அதைத்தான். பொறியியலில் கை கேள்வி கேட்கும். கணக்கு பதில் சொல்லும். கேள்வியே எழாத இடத்தில் எத்தனை சூத்திரம் தெரிந்திருந்தும் பயனில்லை.

மூன்று தகடுகள்

தட்டையான பரப்பு என்பது இயற்கை தரும் பொருளல்ல. லேத், மில்லிங் மெஷின், அளவுக் கருவிகள் எல்லாவற்றுக்கும் அடியில் எங்கோ ஒரு தட்டைப் பரப்பு இருக்கிறது. மெஷினைக் கொண்டு அதைச் செய்யலாம் என்றால், அந்த மெஷினின் தட்டைப் பரப்பு எங்கிருந்து வந்தது? இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் மனிதக் கை இருக்கிறது.

லண்டனில் ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பழகிய ஜோசப் விட்வொர்த், 1840ஆம் ஆண்டு கிளாஸ்கோவில் கூடிய அறிவியலாளர்கள் முன் இதற்கான வழியை விளக்கினார். இரண்டு வார்ப்பிரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று பொருத்திச் சீர்செய்தால் போதாது. ஒன்று லேசாகக் குவிந்தும் மற்றது அதே அளவு குழிந்தும் இருந்தால்கூட இரண்டும் கச்சிதமாகப் பொருந்திவிடும், இரண்டுமே தட்டையல்ல. மூன்றாவது தகடு வந்தால் அந்த ஏமாற்று நடக்காது. முதல் தகடு குவிந்தது என்றால், அதோடு பொருந்தும் இரண்டாவதும் மூன்றாவதும் குழிந்தவை. குழிந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் நடுவில் இடைவெளி விழும். மூன்றும் மாறி மாறி, எப்படித் திருப்பி வைத்தாலும், ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமென்றால் மூன்றுமே தட்டையாக இருந்தாக வேண்டும்.

வேலை நடக்கும் விதம் எளிமையானது, ஆனால் நீண்டது. ஒரு தகட்டில் மெல்லிதாக வண்ணம் பூசி, மற்றதன்மேல் வைத்து நகர்த்துவார்கள். மேடுகளில் மட்டும் வண்ணம் ஒட்டும். ஒட்டிய புள்ளிகளைக் கூரான சுரண்டியால் சுரண்டி எடுப்பார்கள். மறுபடி வண்ணம், மறுபடி சுரண்டல். தொடக்கத்தில் பெரிய திட்டுகளாகத் தெரியும் வண்ணம், போகப் போகப் பரப்பெங்கும் பொடிப் பொடிப் புள்ளிகளாகப் பரவும். அளக்கும் கருவி எதுவும் இல்லாமலேயே தட்டைத்தன்மை பிறந்துவிடுகிறது. மூன்று தகடு வேண்டும் என்பது வடிவியல். எங்கே சுரண்ட வேண்டும் என்று காட்டுவது இரும்பு. இன்றும் உயர்தர இயந்திரங்களின் சறுக்குப் பரப்புகளைக் கையால் சுரண்டித்தான் முடிக்கிறார்கள்.

நகரும் விரல்

கை என்பதை மூளையின் வேலைக்காரன் என்று நினைக்கிறோம். அது ஓர் அளவைக் கருவியும்கூட. 2013இல் ஸ்டாக்ஹோமில் ஆய்வாளர்கள் மிக நுண்ணிய மடிப்புகள் கொண்ட பரப்புகளைச் செய்து, அவற்றை ஆட்களைத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். வெறும் 13 நானோமீட்டர் உயரமுள்ள மடிப்புகளைக்கூட, வழவழப்பான பரப்பிலிருந்து விரலால் பிரித்தறிய முடிந்தது. தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு விரல் எட்டுகிறது.

இதற்கு விரல் நகர வேண்டும். ஒரு பரப்பின்மேல் விரலைச் சும்மா வைத்திருந்தால் அதன் நுண்ணிய சொரசொரப்பு தெரியாது, இழுத்தால்தான் தெரியும். விரல் நகரும்போது மேடுபள்ளங்கள் தோலில் அதிர்வுகளாக மாறுகின்றன. தோலுக்கடியில் வெங்காயம் போல அடுக்கடுக்கான உறைகள் கொண்ட பாசினியன் உணர்வுறுப்புகள் அந்த அதிர்வுகளைப் பிடிக்கின்றன. நொடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளில் அவை மிகக் கூர்மையாக இயங்குகின்றன.

கையில் பிடித்த கருவி வழியாகவும் இந்த அதிர்வு வந்து சேரும். அதனால்தான் அரம் வெட்டுகிறதா, வெறுமனே வழுக்குகிறதா என்று பார்க்காமலே சொல்ல முடிகிறது. ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்கும் மெக்கானிக்கை எந்த ஊர்ச் சாலையோரத்திலும் பார்க்கலாம். பேரிங்கின் அதிர்வு எஃகு வழியாக அவருடைய எலும்புக்குப் போகிறது. மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போன்ற முறையான பரிசோதனை அது. நல்ல பேரிங் எப்படி ஒலிக்கும் என்பதை ஆயிரம் முறை கேட்டிருப்பவருக்கே கெட்டது எது என்று புரியும். அந்த ஆயிரம் முறைக்குக் குறுக்கு வழி கிடையாது.

போல்ட் எனும் சுருள்வில்

ஒரு போல்ட்டை இறுக்கும்போது என்ன நடக்கிறது? மாணவர்களிடம் கேட்டால் ‘இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது’ என்பார்கள். பிடிப்பது எது? போல்ட் நீள்கிறது. நட்டைத் திருகத் திருக, எஃகுத் தண்டு மிகமிகச் சிறிதளவு இழுபட்டு, விறைத்த சுருள்வில்லைப் போலத் தகடுகளை நெருக்குகிறது. இணைப்பின் உயிர் அந்த இழுவிசையில் இருக்கிறது.

ஆனால் நாம் ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதி இழுவிசையாக மாறுவதே இல்லை. பொதுவாக, ஏறத்தாழப் பாதி நட்டுக்கும் தகட்டுக்கும் இடையிலான உராய்வில் போகிறது. இன்னொரு பத்தில் நான்கு பங்கு மரைகளுக்கிடையே உராய்வில் போகிறது. எஞ்சிய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். உராய்வு குறையும், அதே முறுக்கில் இழுவிசை வெகுவாகக் கூடிவிடும். உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை எண்ணெய் பூசிய மரைக்குக் கொடுத்தால் போல்ட் அறுந்துபோகலாம்.

ஒரு போல்ட்டையாவது தன் கையால் இறுக்கி உடைத்தவருக்கு இது மறக்காது. முதலில் எதிர்ப்பு ஏறிக்கொண்டே வருகிறது. பிறகு ஒரு கணத்தில் ஸ்பேனர் நகர்கிறது, எதிர்ப்பு மட்டும் ஏறவில்லை. வெண்ணெய்க்குள் கத்தி போவது போன்ற அந்த இளக்கம்தான் எஃகின் நெகிழ்வெல்லை. பாடப்புத்தகத்தின் தகைவு–திரிபு வரைபடத்தில் கோடு வளையும் இடம் அது. கையில் அதை உணர்ந்த பிறகு அந்த வளைவு வெறும் கோடாகத் தெரியாது.

கையின் உணர்வை மட்டும் நம்பி முக்கியமான இணைப்புகளை இறுக்கக் கூடாது. அதற்கு டார்க் ரெஞ்ச் இருக்கிறது, அளவு அட்டவணை இருக்கிறது. ஆனால் அந்த அட்டவணை உலர்ந்த மரைக்கா, எண்ணெய் பூசிய மரைக்கா என்று கேட்கத் தோன்றுவது கைப்பழக்கம் உள்ளவருக்குத்தான்.

கிளாஸ்கோவில் நின்றுபோன எஞ்சின்

கையும் கணக்கும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜேம்ஸ் வாட்டின் கதையை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது. கெட்டில் மூடி குதித்ததைப் பார்த்து நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்ற கதையை மறந்துவிடுங்கள். வாட் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்து, பழுது பார்த்துப் பிழைத்தவர். நீராவி எஞ்சின் அவருக்கு முன்பே இருந்தது. இரும்புச் சாமான் வியாபாரியான தாமஸ் நியூகோமனின் எஞ்சின்கள் 1712 முதலே சுரங்கங்களில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன.

1763–64 குளிர்காலத்தில், வகுப்பறையில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் எஞ்சினின் சிறு மாதிரி ஒன்று பழுது பார்க்க வாட்டிடம் வந்தது. பித்தளை சிலிண்டரின் விட்டம் இரண்டு அங்குலம். வாட் அதைச் சரிசெய்தார். ஓடியது. ஆனால் சில முறை ஏறி இறங்கியதும் நின்றுவிட்டது. கொதிகலன் போதுமான அளவு பெரியதாகத்தான் தெரிந்தது. ஆனாலும் நீராவி பற்றவில்லை. பழுது எதுவும் பாக்கியில்லை. பிறகு ஏன் நிற்கிறது?

நியூகோமன் எஞ்சினில் நீராவி சிலிண்டரை நிரப்பும். உடனே உள்ளே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சுருங்கி நீராகி வெற்றிடம் உண்டாகும். வெளியே உள்ள காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். அடுத்த முறை வரும் நீராவி, குளிர்ந்துபோன சிலிண்டரின் சுவரை மறுபடி சூடாக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க முடியும். சிறிய சிலிண்டரில் கொள்ளளவோடு ஒப்பிட்டால் சுவர்ப்பரப்பு மிக அதிகம். நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் பாதியாக்கினால் கொள்ளளவு எட்டில் ஒன்றாகும். பரப்பு நான்கில் ஒன்றாகத்தான் குறையும். பெரிய எஞ்சின்களில் ஐம்பது ஆண்டுகளாக ஒளிந்திருந்த விரயம், இந்தச் சின்ன மாதிரியில் எஞ்சினையே நிறுத்தும் அளவுக்கு வெளியே வந்துவிட்டது.

வாட் கையிலிருந்து கணக்குக்கும், கணக்கிலிருந்து கைக்கும் மாறி மாறி நடந்தார். பித்தளை வெப்பத்தைக் கடத்துகிறது என்று, ஆளி விதை எண்ணெயில் ஊறவைத்துச் சுட்ட மரத்தால் ஒரு சிலிண்டர் செய்து பார்த்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் எவ்வளவு நீராவி செலவாகிறது என்று அளந்தார். கொதிக்கும் கெட்டிலிலிருந்து நீராவியைக் குளிர்ந்த நீருக்குள் செலுத்தினார். நீராவி தன் எடையைப் போல ஆறு மடங்கு நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோவதைக் கண்டு திகைத்தார். அதே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோசப் பிளாக்கிடம் சொன்னபோது, உள்ளுறை வெப்பம் என்று தாம் கற்பித்துவந்த கோட்பாட்டை பிளாக் விளக்கினார். பழுது பார்த்தவரின் கேள்விக்குப் பேராசிரியரிடம் பதில் தயாராக இருந்தது.

1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோ பசும்புல் திடலில் நடந்துகொண்டிருந்தபோது வாட்டுக்கு விடை கிடைத்தது. சிலிண்டரைக் குளிர்விக்கவே வேண்டாம். எப்போதும் குளிராக இருக்கும் தனிக் கலம் ஒன்றை இணைத்து, நீராவியை அங்கே போய்ச் சுருங்கச் செய்யலாம். ஒரு பித்தளைப் பீச்சாங்குழலைச் சிலிண்டராக வைத்து உடனே சோதித்தார், வேலை செய்தது. 1769இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் முழு அளவு எஞ்சின்கள் வேலைக்கு இறங்க 1776 வரை ஆயிற்று. காரணம் மறுபடியும் கைவேலைதான். பிஸ்டனோடு நீராவி கசியாமல் பொருந்தும் அளவுக்கு வட்டமான பெரிய சிலிண்டரை எவராலும் கடைந்து கொடுக்க முடியவில்லை. பீரங்கிக் குழாய்களைத் துளைக்க ஜான் வில்கின்சன் 1774இல் உருவாக்கிய இயந்திரம் வந்த பிறகே அந்தத் தடை நீங்கியது.

மரை போட முடியாத கம்பி

கையும் கணக்கும் பிரிந்துபோனால் என்ன ஆகும்? அதற்கும் சான்று இருக்கிறது.

அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் உயர்ந்த முற்றத்தில் நடைபாலங்கள் தொங்கின. நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம். முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து இறங்கும் நீண்ட எஃகுக் கம்பி நான்காம் மாடிப் பாலத்தின் குறுக்குச் சட்டத்தை ஊடுருவி, இரண்டாம் மாடிப் பாலம் வரை ஒரே கம்பியாக வந்தது. ஒவ்வொரு சட்டத்துக்கும் கீழே ஒரு நட்டு.

வரைபடத்தில் இது அழகாக இருந்தது. இப்போது நட்டைக் கையில் எடுங்கள். நான்காம் மாடிச் சட்டத்துக்குக் கீழே உட்கார வேண்டிய நட்டை எப்படி அங்கே கொண்டுபோவது? கம்பியின் கீழ் முனையில் மாட்டி, இரண்டு மாடி உயரத்துக்குத் திருகிக்கொண்டே போக வேண்டும். அதற்கு அவ்வளவு நீளத்துக்கும் மரை வெட்ட வேண்டும். வெட்டினாலும், ஏற்றி இறக்கும்போது மரை அடிபட்டுவிடும். பட்டறையில் இருந்தவர்களுக்கு இது பார்த்ததும் புரிந்தது. ஒரு கம்பியை இரண்டாக மாற்றலாம் என்ற யோசனை வந்தது. கூரையிலிருந்து நான்காம் மாடிப் பாலத்துக்கு ஒன்று; அந்தப் பாலத்தின் சட்டத்திலிருந்து இரண்டாம் மாடிப் பாலத்துக்கு இன்னொன்று.

ஒரு கயிற்றில் இரண்டு பேர் தொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கயிற்றைப் பிடித்திருந்தால், ஒவ்வொருவர் கையும் அவரவர் எடையை மட்டும் தாங்கும். கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டால்? கயிற்றுக்கு எந்த மாற்றமும் இல்லை. மேலே இருப்பவரின் கைகளுக்குச் சுமை இரட்டிப்பு. நான்காம் மாடிச் சட்டத்துக்குக் கீழிருந்த நட்டுகளுக்கு நடந்தது அதுதான். முதல் வடிவமைப்பே நகர விதிகள் கோரிய பலத்தைக் கொண்டிருக்கவில்லை; மாற்றம் அதன்மேல் சுமையை இரண்டு மடங்காக்கியது. அந்த மாற்றத்துக்கு யாரும் கணக்குப் போட்டுப் பார்க்காமலேயே ஒப்புதல் கிடைத்தது.

1981 ஜூலை 17 மாலை, முற்றத்தில் நடனம் நடந்துகொண்டிருந்தபோது சட்டங்களைக் கிழித்துக்கொண்டு நட்டுகள் வெளியே வந்தன. இரண்டு பாலங்களும் கூட்டத்தின்மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

‘இந்த நட்டு எப்படி ஏறும்?’ என்ற பட்டறையின் கேள்வி மிகச் சரியானது. அந்தக் கேள்வி வரைபலகையிலேயே எழுந்திருந்தால், கணக்குப் போடுபவரே வேறு இணைப்பைச் சிந்தித்திருப்பார். கேள்வி ஓரிடத்திலும் பதில் சொல்ல வேண்டிய கணக்கு வேறிடத்திலும் இருந்தன. நடுவே கைமாறியது ஒரு தாள் மட்டும்.

திரை மறுப்பதில்லை

இன்றைய மாணவர்கள் கணினியில் வரைகிறார்கள். நான் அதைக் குறை சொல்லவில்லை. நானும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் திரை எதையும் மறுப்பதில்லை என்பதை மனதில் வைக்க வேண்டும். உலோகக் கட்டிக்குள் கத்தி போல் கூரான உள்மூலையை வரைந்தால் திரை ஏற்றுக்கொள்ளும். மில்லிங் மெஷினின் வெட்டுளி சுழல்வது, அது வட்டமானது, அதனால் அந்த மூலையை வெட்ட முடியாது. வேறு வழியில் வெட்டினாலும் தகைவு அங்கேதான் குவியும், விரிசல் அங்கேதான் தொடங்கும். ஒரு முறை மெஷின் முன் நின்றவர் உள்மூலைகளைத் தானாகவே வளைத்து வரைவார்.

கையால் தொட்டுக் கற்பதை நம் ஊரில் வாழ்ந்து காட்டியவர் ஜி.டி. நாயுடு. கோவைக்கு அருகே கலங்கலில் 1893இல் பிறந்தவர். பார்த்து வியந்த மோட்டார் சைக்கிளை வாங்க ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கியதும் அதைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பார்த்தார். பேருந்துத் தொழிலிலிருந்து மின்மோட்டார் வரை அவர் பின்னால் தொட்ட துறைகளுக்கெல்லாம் அதுவே முதல் பாடம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, மோட்டாரைத் தாங்கும் பிராக்கெட் ஒன்றை வரைந்து கொண்டுவந்தார். கணக்குகள் அத்தனையும் சரி. ஒரு போல்ட் மட்டும் சுவரை ஒட்டியிருந்தது. “ஸ்பேனர் எந்தப் பக்கமா உள்ளே போகும்மா?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் ஒர்க் ஷாப்புக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து விரல் முட்டியில் சிராய்ப்போடு திரும்பினார்.

“சார், ஸ்பேனர் வாய் 15 டிகிரி சாய்ஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போட்டுப் போட்டுத் திருகினா 30 டிகிரி இடம் போதும். ஆனா இங்க அதுவும் இல்ல” என்றார். அந்தச் சாய்வு எதற்கு என்று நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. எந்தப் புத்தகத்திலும் அவர் படித்திருக்கவில்லை. சுவரில் முட்டிய கை சொல்லியிருந்தது.

உட்கார்ந்து போல்ட்டை 12 மி.மீ. தள்ளி வைத்தார். பிறகு, நான் சொல்லாமலே, தள்ளி வைத்ததால் பிராக்கெட்டில் விழும் சுமை எவ்வளவு மாறுகிறது என்று கணக்குப் போடத் தொடங்கினார்.